பன்னிரண்டாம் பெட்டில் நடந்தவர்

இல்லக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அழுதா எனக்கு மூஞ்சி இப்படித்தான் வீங்கிப் போகும், சின்னதுலருந்தே. தண்ணி என்கிட்ட இருக்கு, வேண்டாம். நீங்க திருநெல்வேலி வரைக்குமா? நானும்தான். அப்ப பஸ் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும்.

சாயர்புரத்துல ஒரு நர்ஸ் வீட்டுக்குப் போயிட்டு வாரேன். சொந்தக்காரங்க எல்லாம் இல்ல. சாவு வீடும் இல்ல. சாவு ஒண்ணு இருக்கு இதுல, ஆனா அது நடந்து ஏழு மாசம் ஆச்சு. செத்தவரை நான் பார்த்ததுகூட இல்ல. ஆனா பாத்துக்கிடுங்க, இந்த ஏழு மாசத்துல அவரை நினைக்காம ஒரு நாள் நான் ஆபீஸ்ல உக்காந்ததில்ல.

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, முடிஞ்சுபோன விஷயம்னு சொல்றார். அவர் சொல்றதும் சரிதான். என்னை இதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்ல. அதை முதல்லயே சொல்லிடறேன்.

நான் பாளையங்கோட்டையில ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கேன். வெப்சைட் பண்ணிக் கொடுப்போம். ஒரு ஆஸ்பத்திரிக்குப் பண்ணிக் கொடுத்தோம். பேரு வேண்டாம்க்கா. பெரிய ஆஸ்பத்திரி. அதுல ஒரு வசதி. உள்ள படுத்திருக்கிறவங்க எப்படி இருக்காங்கன்னு வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்க போன்லயே பார்த்துக்கிடலாம். அட்மிட் ஆனதும் வீட்டு ஆளுங்களுக்கு ஒரு லிங்க் போகும். அமுக்கினா ஒரு பக்கம் வரும். எந்த வார்டு, எத்தனாவது பெட், அதுக்குக் கீழ நர்ஸ் எழுதின ரெண்டு வரி. பேரு இருக்காது. லிங்க் கண்ட இடத்துக்குப் போகும், நாலு பேர் பார்ப்பாங்க, பேரு போட வேண்டாம்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. காலைல ஏழு மணிக்கு, மத்தியானம் ஒரு மணிக்கு, சாயங்காலம் ஏழு மணிக்கு. மூணு வேளையும் நர்ஸ் எழுதுவாங்க.

நல்ல வசதிதானே? யோசனை என்னோடது.

ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே திணற ஆரம்பிச்சிடுச்சு. ஒரு பேஷண்டுன்னா அவருக்கு நாலு மக்க, ஆறு மருமக்க, எல்லாரும் அமுக்குறாங்க. ஒருத்தர் ஒரு தடவை பார்த்தாப் போதாதா? இப்ப பார்த்துட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி. மனசு அப்படித்தானே. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரால எல்லாருக்கும் பதில் சொல்ல முடியல. பக்கம் வாரதுக்கு நாலு செகண்ட், அஞ்சு செகண்ட். சில நேரம் வாரதே இல்ல. ஆஸ்பத்திரிக்காரங்க எங்களைப் போட்டு வாங்கறாங்க.

அதுக்கு நான் ஒண்ணு பண்ணினேன். கேஷ்னு சொல்லுவோம். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். நடுவுல இன்னொரு கம்ப்யூட்டரை வெச்சிடுறது. முதல்ல ஒருத்தர் கேக்குறாரா, அது ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்கிட்ட போய்க் கேட்டுப் பதில் வாங்கிட்டு வரும். வாங்கினதைத் தன்கிட்ட ஒரு பிரதி வெச்சுக்கிடும். அடுத்து யார் வந்து அதே கேள்வியைக் கேட்டாலும் அந்தப் பிரதியை நீட்டிடும். உள்ள போகவே போகாது. அவ்வளவுதான். ஆனா அதுகிட்ட ரெண்டு விஷயம் நம்ம சொல்லிக் கொடுக்கணும். ஒண்ணு, எது எதெல்லாம் ஒரே கேள்வி. அந்த அடையாளத்துக்கு கீன்னு பேரு. ரெண்டாவது, ஒரு பிரதியை எவ்வளவு நேரம் வெச்சிருக்கலாம், எப்பக் கிழிச்சுப் போடணும்.

நேரத்துக்கு நான் ஆறு மணி நேரம் போட்டேன். நர்ஸே ஆறு மணி நேரத்துக்கு ஒருக்காத்தானே எழுதுறாங்க. சரியா இருக்கா இல்லையா? எழுதினதும் பழைய பிரதி தன்னால கிழிஞ்சிடும், அதுவும் வெச்சிருந்தேன்.

அடையாளம்தான். அந்த லிங்க்ல வார்டு இருக்கும், பெட் நம்பர் இருக்கும், அதுக்குப் பின்னால அட்மிஷன் நம்பர் இருக்கும். ஜனங்க அதை வாட்ஸப்புல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பும்போது கடைசியில கண்ட கண்ட எழுத்தெல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். ஒட்டினா கேஷ் அதைப் புதுக் கேள்வின்னு நினைச்சு மறுபடி உள்ள ஓடும். அதனால நான் பெட் நம்பருக்குப் பின்னால இருக்கிற எல்லாத்தையும் கண்டுக்காதேன்னு போட்டுட்டேன். வாலை வெட்டினேன். அட்மிஷன் நம்பரும் அந்த வால்ல இருந்துச்சு.

ஒரு பெட்டுல ஒருத்தர்தானே படுத்திருப்பார்னு நினைச்சேன். நீங்களா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க.

அன்னைக்கே பக்கம் அரை செகண்ட்ல வந்துச்சு. ஆஸ்பத்திரி எம்.டி. எங்க ஆபீசுக்கே ஸ்வீட் பெட்டி அனுப்பினார். எங்க பாஸ் எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு என் பேரைச் சொன்னார்.

தூத்துக்குடிக்காரர் ஒருத்தர், சூசைமரியான்னு பேரு, எழுபத்தோரு வயசு. மூணாவது மாடியில பன்னிரண்டாம் பெட்டுல இருந்தார். நெஞ்சுல சளி கட்டி, ரெண்டு வாரமா. கூட இருந்து பார்த்துக்கிட்டது மக பிரிசில்லா. மகன் ஒருத்தர், டெரன்ஸ், சரக்குக் கப்பல்ல வேலை. இஞ்சின் ரூம்ல. கப்பல் அப்ப சிங்கப்பூர்ல நிக்குது.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலைல பெரியவர் தவறிட்டார்.

கப்பல்ல இருக்கிறவங்ககிட்ட அந்தக் குடும்பத்துல சாவை போன்ல சொல்ல மாட்டாங்களாம். தனியா இருப்பான், சுத்தித் தண்ணி, என்ன பண்ணுவானோன்னு. சீரியஸ், உடனே கிளம்பி வான்னு மட்டும்தான் சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். பிரிசில்லாவும் அப்படியே சொல்லியிருக்காங்க. அப்பாவுக்கு ரொம்ப முடியலடா, இறங்கி வந்திடுன்னு. அவர் கேப்டன்கிட்ட போய்க் கேட்டிருக்கார். கேப்டன் நல்ல மனுஷன் போல. புதன்கிழமை சாயங்காலம் கப்பல் கிளம்புது, அதுக்குள்ள சொல்லு, இறக்கி விட்டு டிக்கெட் போட்டுத் தாரேன்னுட்டார். இங்க பெரியவரை வீட்டுல ஐஸ் பெட்டியில வெச்சுக்கிட்டு மகனுக்காகக் காத்திருக்காங்க.

அந்தப் பன்னிரண்டாம் பெட் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கே நிறைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரின்னா அப்படித்தான். கோவில்பட்டி ஆள் ஒருத்தர், வயித்துல ஆபரேஷன் முடிஞ்சு தேறிக்கிட்டு இருந்தவர், கீழ் மாடியிலருந்து மாத்திக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. அவர் பிள்ளைங்களுக்குப் புது பெட்டோட லிங்க்கும் போயிருக்கு.

புதன்கிழமை காலைல டெரன்ஸ் போனை எடுத்து லிங்க்கை அமுக்கியிருக்கார். அவர் அப்பாவோட லிங்க்தான். அப்பாவோட அட்மிஷன் நம்பர்தான் அதுல இருக்கு. நடுவுல இருக்கிற கம்ப்யூட்டருக்குத்தான் அது தெரியாதே. அதுகிட்ட நான் பெட்டை மட்டும்தானே பார்க்கச் சொல்லியிருக்கேன். கோவில்பட்டிக்காரரோட பிள்ளைங்க ஏழு மணிக்கே அமுக்கி, அந்தப் பதில் தயாரா இருக்கு. எடுத்து நீட்டிடுச்சு.

'இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்.'

ஒரே ஒரு தடவை அவர் கோவில்பட்டிக்காரங்களுக்கு முந்திக் கேட்டிருந்தா, உள்ள போய் 'இந்த இணைப்பு முடிவடைந்துவிட்டது'ன்னு பதில் வந்திருக்கும். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஆனா அவர் எப்பவும் ரெண்டாவது ஆளா, பத்தாவது ஆளாத்தான் வந்திருக்கார். நான் லாக், அதான் யார் எப்ப அமுக்கினாங்கங்கிற பதிவு, எடுத்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட முந்தல அக்கா.

அவர் சந்தோஷத்துல தன்னோட அக்காவுக்குப் போன் போட்டிருக்கார். பிரிசில்லா என்கிட்ட சொன்னாங்க இதை. பக்கத்து ரூம்ல ஐஸ் பெட்டி ஓடற சத்தம் கேக்குதாம். தம்பி இந்தப் பக்கம் போன்ல படிக்கிறான். "அக்கா, ரெண்டு இட்லி சாப்பிட்டாராம். சிரிக்கிறாராம். நீ எதுக்குக் கிடந்து பயப்படுற? நான் அடுத்த போர்ட்ல இறங்கி வாரேன்." இவங்க உடனே போனைக் கட் பண்ணிட்டாங்க. அவன் வர மனசில்லாம கதை கட்டறான்னு நினைச்சிட்டாங்களாம். அதைவிட, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எழுந்து போய் ஐஸ் பெட்டிக் கண்ணாடியைத் துடைச்சுப் பார்த்தேன்னு சொன்னாங்க.

சாயங்காலம் கப்பல் கிளம்பிடுச்சு. ஆப்பிரிக்காப் பக்கம். பதினாலு நாள், நடுவுல எங்கயும் நிக்காது.

வியாழக்கிழமை அடக்கம் முடிஞ்சப்புறம் பிரிசில்லா மெசேஜ்ல சொல்லிட்டாங்க. போட்டோவும் அனுப்பிட்டாங்க. அவர் அதைப் பார்த்திருக்கார். பார்த்துட்டு, திரும்பவும் லிங்க்கை அமுக்கியிருக்கார்.

'வார்டுக்குள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.'

அப்பாவைப் புதைச்ச அன்னைக்கு.

வெள்ளிக்கிழமை 'நன்றாகத் தூங்கினார்.' சனிக்கிழமை 'வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்கிறார்.' கப்பல்ல நெட் கார்டு தீரத் தீரப் புதுக் கார்டு வாங்கி இதையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கார் அந்த மனுஷன். கையில அப்பா பெட்டிக்குள்ள படுத்திருக்கிற போட்டோ. இந்தப் பக்கம், வீட்டுக்கு எப்பப் போகலாம்.

ஞாயித்துக்கிழமை கோவில்பட்டிக்காரர் டிஸ்சார்ஜ் ஆயிட்டார். பெட் காலி. பக்கமும் காலி.

அப்புறம் டெரன்ஸ் எல்லாத்தையும் போட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டார். அதை அவங்க எங்களுக்கு அனுப்பினாங்க. என் மேஜைக்கு வந்துச்சு. ஒரே ஒரு கேள்விதான் இருந்துச்சு அதுல. 'என் அப்பா இறந்த மூன்றாம் நாள் உங்கள் வார்டில் நடந்தது யார்?'

பேயின்னு நினைக்கல, என்ன சொல்றீங்க, அப்படியெல்லாம் இல்ல. ஆனா அந்த வரியைப் பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க, எந்த வரியில, என் கையால என்ன எழுதினேன்னு தெரிஞ்சு போச்சு. பதினோரு நிமிஷத்துல சரி பண்ணிட்டேன். அட்மிஷன் நம்பரையும் அடையாளத்துல சேர்த்தேன், ஆறு மணி நேரத்தை ஒரு நிமிஷம் ஆக்கினேன், இருந்த பிரதி எல்லாத்தையும் அழிச்சேன். அதுக்கப்புறம் ஒரு தப்புக்கூட இல்ல. வேற ஆளா இருந்தா ரெண்டு நாள் ஆக்கியிருப்பாங்க.

ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதணும்ல. பாஸ் என் பின்னாலதான் நின்னார். பார்த்து எழுதும்மா, காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நேரம்னார். நான் எழுதினேன். 'பரிசோதித்தோம். தற்போது அமைப்பில் கோளாறு எதுவும் இல்லை. பதிவு செய்யும்போது தவறு நேர்ந்திருக்கலாம்.' இதுல பொய் எங்கக்கா இருக்கு? தற்போதுன்னுதான் எழுதினேன். அப்ப கோளாறு இல்லதானே, நான்தான் சரி பண்ணிட்டேனே. நேர்ந்திருக்கலாம்னுதான் எழுதினேன். நேர்ந்ததுன்னு எழுதல.

அதுல அந்த நர்ஸுக்கு வேலை போயிடுச்சு. ஜெபக்கனி சிஸ்டர்னு, மூணாவது மாடியில காலைல டியூட்டி. அந்த வரியெல்லாம் அவங்க எழுதினதுதான். மத்த நர்ஸுங்க 'நலம்', 'சீராக உள்ளது'ன்னு ஒரு வார்த்தையில முடிச்சிடுவாங்க. இவங்க மட்டும்தான் சிரிக்கிறார், கேட்கிறார்னு எழுதுவாங்க. பழைய பேஷண்டோட பக்கத்துல புது ஆளைப் பத்தி எழுதிட்டாங்கன்னு முடிவு பண்ணி அனுப்பிட்டாங்களாம். நான் அதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். அவங்க சரியான பக்கத்துலதான் எழுதியிருந்தாங்க, உள்ள பார்த்தா தெரியும். யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல.

அதை விடுங்க. எனக்குத் தூக்கம் போனது பெரியவராலதான்.

சரி பண்ணினதுக்கப்புறமும் தினமும் நான் லாக் பார்ப்பேன். யார் யார் எந்த லிங்க்கை அமுக்கினாங்கன்னு வரிசையா இருக்கும். அதுல தினமும் காலைல அந்த நம்பர் வரும். சூசைமரியான் அட்மிஷன் நம்பர். இப்ப சரியான பதில்தான் போகும், 'இந்த இணைப்பு முடிவடைந்துவிட்டது'ன்னு. மறுநாள் திரும்ப வரும். ஒரு மாசம், ரெண்டு மாசம், அஞ்சு மாசம். நான் காபியை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன், நர்ஸுங்க ஏழு மணி வரியை எழுதி முடிச்ச நேரத்துக்கு ஒரு வரி வந்து நிக்கும். செத்தவரோட நம்பர். ஆபீஸ்ல நாங்க பத்துப் பேர். ஒருத்தருக்கும் தெரியாது. அந்த வரி வராத வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. வந்துட்டாலும் ஓடாது. அதைத் தடுக்கறதுக்கு ஒரு நொடி போதும். தடுக்கத் தோணல.

தாங்க முடியாமத்தான் தூத்துக்குடிக்குப் போனேன். நானாத்தான் போனேன், யாரும் கூப்பிடல. டெரன்ஸ் லீவுல வந்திருந்தார். நாப்பது வயசு இருக்கும், கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. பிரிசில்லாவும் இருந்தாங்க. அக்காவும் தம்பியும் ஒரே வீட்டுல இருக்காங்களே தவிர பேசிக்கிடலன்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. டீயை அவங்க அவர் முன்னால வைக்கல. என் முன்னால ரெண்டு டம்ளரா வெச்சுட்டுப் போனாங்க.

நான் எல்லாத்தையும் சொன்னேன். வாலை வெட்டினது, ஆறு மணி நேரம் போட்டது, எல்லாம். உங்களுக்குச் சொன்ன மாதிரியே. அவர் கேட்டுக்கிட்டே இருந்தார். முடிச்சப்புறம், "அப்ப நடந்தது வேற ஆளா?"ன்னார்.

"ஆமாங்க. கோவில்பட்டிக்காரர்."

"இப்ப நல்லா இருக்காரா?"

"டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டார். நல்லா இருப்பார்."

"இருக்கட்டும்"னார். வாசப்படியில நின்ன பிரிசில்லா உள்ள வந்து, "நீ பொய் சொல்லலையாடா?"ன்னு தம்பியைக் கேட்டாங்க. அவ்வளவுதான். அவர் தலையைத் தூக்காம, "நீயும் சொல்லியிருக்கலாம்லக்கா"ன்னார். ரெண்டு பேரும் அழுதாங்க. நானும் அழுதேன். மனசு லேசாயிடுச்சுன்னு நினைச்சேன்.

கிளம்பும்போது அவர் வாசல் வரைக்கும் வந்தார். "மேடம், அதை எழுதினது யாரு? அந்த வரியெல்லாம்?"

"நர்ஸ்தான்."

"பேரு தெரியுமா? அவங்களைப் பார்க்கணும். அது எங்க அப்பா இல்லன்னாலும், அப்பாவை ஒருத்தர் அப்படிப் பார்த்துக்கிட்டாங்கன்னு நினைச்சுத்தான் அந்தப் பதினாலு நாள் ஓடுச்சு."

"ஜெபக்கனின்னு பேரு. இப்ப அங்க இல்ல."

"ஏன்?"

தெரியலன்னு சொன்னேன். அவருக்கு அப்பதான் கொஞ்சம் மனசு ஆறியிருக்கு. அதுல போய் இதையும் சொல்லி எதுக்குன்னுதான்.

மறுநாள் காலைல அந்த வரி லாக்ல வரல. அதுக்கடுத்த நாளும் வரல. நின்னுடுச்சு.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அஞ்சு வாரம் கழிச்சு டெரன்ஸ் போன் பண்ணினார். ஆஸ்பத்திரிக்கே போய், ஆயாம்மாகிட்ட, லிஃப்ட்காரர்கிட்ட எல்லாம் விசாரிச்சு, சாயர்புரத்துல வீட்டைக் கண்டுபிடிச்சுப் போயிருக்கார். கோபமாப் பேசல. மெதுவாத்தான் கேட்டார். "மேடம், எல்லாத்தையும் சொன்னீங்க. இதை மட்டும் ஏன் சொல்லல? நான் போய்ச் சொன்னா அவங்க நம்ப மாட்டேங்கிறாங்க. செத்தவர் மகன் ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைக்கிறாங்க. நீங்க போங்க."

போறதா நான் முன்னாடியே நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அவர் சொன்னதுக்காக மட்டும் போகல.

இன்னைக்குக் காலைல போனேன். பனங்கற்கண்டு பாக்கெட் போடற இடத்துல வேலைக்குப் போறாங்க. இன்னைக்கு லீவு. முப்பது வயசுதான் இருக்கும். நான் யாருன்னு சொன்னேன். உள்ள கூப்பிட்டாங்க. அவங்க அம்மா அடுப்படியில இருந்தாங்க. நான் கம்ப்யூட்டர் விஷயத்தை ஆரம்பிச்சேன். அவங்க அதைக் கேக்கல. நடுவுலயே, "நான் எந்தப் பக்கத்துல எழுதினேன்?"னு கேட்டாங்க.

"சரியான பக்கத்துலதான் சிஸ்டர்."

"போட்டோ காட்டினாங்களே. செத்தவரோட லிங்க்ல என் எழுத்து இருந்துச்சே. டபுள் டியூட்டி பார்த்த கலக்கத்துல என்ன எழுதுறோம்னே உனக்குத் தெரியலன்னாங்களே."

"அது என்னாலதான்."

அவங்க கையைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. "பக்கத்தை மாத்தி எழுதியிருந்தா மாத்திரையும் மாத்திக் கொடுத்திருப்பேனோன்னு நினைச்சேன் மேடம். அன்னைக்கு மூணாவது மாடியில பதினெட்டு பேர். ஒவ்வொருத்தரா மனசுல எழுப்பி உக்கார வெச்சு, யாருக்கு என்ன கொடுத்தேன்னு எண்ணிப் பார்ப்பேன். ஏழு மாசமா. அந்தப் பெரியவரையே நான்தான் கொன்னேனோன்னுகூட. வேற ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க. ஊசி எடுக்கக் கை வராது, போகல."

கவலைப்படாதீங்க சிஸ்டர்னேன். நான் வேணா எங்கயாவது சொல்லி வேலை பார்த்துத் தாரேன்னேன். அவங்க எழுந்து போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துட்டு வந்து என் முன்னால வெச்சாங்க.

"எழுதிக் கொடுங்க."

ஆபீஸ்ல கேட்டுட்டுத் தாரேன்னு சொன்னேன். அவங்க நோட்டை நகர்த்தல. சரின்னு எழுதினேன். படிச்சாங்க. 'தொழில்நுட்பக் காரணங்களால் தவறு நேர்ந்திருக்கலாம்.' கைப்பழக்கம்க்கா, வேணும்னு எழுதல. அவங்க அந்தக் கடைசி வார்த்தையில விரலை வெச்சாங்க.

"மூணு வருஷம் அந்த வார்டுல எழுதியிருக்கேன். சாப்பிட்டார், தூங்கினார், நடந்தார்னுதான் எழுதியிருக்கேன். நடந்திருக்கலாம்னு ஒரு நாள் எழுதியிருக்கேனா மேடம்?"

அடிச்சுட்டு, 'தவறு நேர்ந்துவிட்டது'ன்னு எழுதினேன். "யாரால?"ன்னாங்க. அந்த நோட்டுல மூணு தாள் போச்சு. கடைசியில, நான் செய்த தவறு, ஜெபக்கனி சிஸ்டர் எழுதியது அத்தனையும் சரி, அதை மறைத்து ஆஸ்பத்திரிக்குப் பதில் எழுதியதும் நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்களாம். டெரன்ஸ் கூட வாராராம். எங்க பாஸ் என்ன சொல்லுவாரோ. எங்க வீட்டுக்காரர் என்ன சொல்லுவாரோ. பத்து வருஷ வேலை. அவங்க அதைப் பத்தி ஒண்ணும் கேக்கல பாத்துக்கிடுங்க. ஒரு வார்த்தை கேக்கல.

தாளை மடிச்சு பைபிளுக்குள்ள வெச்சாங்க. சரி, கிளம்பலாம்னு நான் எழுந்துட்டேன். வாசல் பக்கம் திரும்பும்போது அவங்க கேட்டாங்க.

"அப்ப அவர் நடந்தாரு இல்ல?"

"யாரு சிஸ்டர்?"

"பன்னிரண்டாம் பெட்டுல. வியாழக்கிழமை. நான் கையைப் பிடிச்சு நடக்க வெச்சேன் இல்ல? நான் பார்த்தது நெசம்தானே? அப்புறம் எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லி, நான் அவரை நடக்க வெச்சேனா, நடக்க வெச்ச மாதிரி கனாக் கண்டேனான்னு எனக்கே தெரியாமப் போச்சு."

"நடந்தார் சிஸ்டர்."

"நெசமா?"

"நெசமா."

அவங்க நம்பின மாதிரியும் இருந்துச்சு, நம்பாத மாதிரியும் இருந்துச்சு. பக்கத்துல வந்து என் இடது கையை, இங்க, முழங்கைக்கு மேல பிடிச்சாங்க. "இப்படித்தான் பிடிச்சேன்"னாங்க. இன்னொரு கையை என் முதுகுக்குப் பின்னால கொடுத்தாங்க. "காலைப் பாக்காதீங்க, எதிர்ல பாருங்க"ன்னாங்க. என்கிட்ட சொன்னாங்களா, அந்த ஆள்கிட்ட சொன்ன மாதிரி சொல்லிக் காட்டினாங்களா, தெரியல. ஒரு எட்டு வெச்சேன். இன்னொரு எட்டு. சின்ன ரூம்தான், ஜன்னல் வரைக்கும் ஆறு எட்டு இருக்கும். அடுப்படியிலருந்து அவங்க அம்மா வந்து பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. ஜன்னல்கிட்ட போனதும் அவங்க நிறுத்தி, என் மூஞ்சியைப் பார்த்தாங்க. பேஷண்டைப் பார்க்கிற மாதிரியே, மூச்சு வாங்குதா, தலை சுத்துதான்னு பார்க்கிற மாதிரி.

"போதுமா, இன்னும் கொஞ்சம் நடக்கலாமா?"ன்னு கேட்டாங்க.